விண்ணில் பெரியதெல்லாம் ஏன் உருண்டை?

சூரியன் உருண்டை, நிலா உருண்டை, பூமி உருண்டை, டெலஸ்கோப்பில் பார்த்தால் வியாழனும் சனியும் உருண்டை. ஒரு கோளாவது சதுரமாகவோ நீளமாகவோ கோணல்மாணலாகவோ ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர்களில் பலர் "அது சுத்திக்கிட்டே இருக்குல்ல, அதனாலதான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இந்தப் பதில் தவறு, அதிலும் உண்மைக்கு நேர் எதிரான தவறு. சுழற்சி எதையும் உருண்டையாக்குவதில்லை, இருக்கிற உருண்டையைக் கொஞ்சம் கெடுக்கத்தான் செய்யும். அது எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். விண்வெளியில் இருப்பதெல்லாம் உருண்டை கிடையாது. செவ்வாயைச் சுற்றும் போபோஸ் என்ற நிலாவின் படத்தைத் தேடிப் பாருங்கள். நீளவாக்கில் சுமார் 27 கி.மீ., குறுக்கே 18 கி.மீ., பள்ளமும் மேடுமாக ஒரு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். 2014-ல் ரொசெட்டா விண்கலம் போய்ச் சேர்ந்த 67பி வால்மீன் இன்னும் மோசம்: இரண்டு கட்டிகள், நடுவில் ஒரு கழுத்து. சனியின் ஹைபீரியன் என்ற நிலா 360 கி.மீ. நீளம் இருந்தும் கோணலாகத்தான் இருக்கிறது. உண்மையில் சூரியக் குடும்பத்தில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை இப்படி உருவமே இல்லாத கற்களும் பனிக்கட்டிகளும்தான், அவை சின்னவை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும்: சின்னவை எப்படி வேண்டுமானாலும் இருக்க, பெரியவை மட்டும் ஏன் உருண்டையாகவே இருக்கின்றன?

பதில் ஈர்ப்பு விசையில் இருக்கிறது. ஒரு பொருளில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் தன் பக்கம் இழுக்கிறது. எல்லா இழுப்பையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தத்தில் ஒவ்வொரு துண்டும் நடு மையத்தை நோக்கி இழுபடுகிறது. நாம் "கீழே" என்று சொல்வது அந்தத் திசையைத்தான். சென்னையில் நிற்பவருக்கும் சிலியில் நிற்பவருக்கும் கீழே என்பது பூமியின் மையம்.

இப்போது பூமியைக் கற்பனையில் ஒரு கனசதுரமாக மாற்றிப் பார்ப்போம், பூமியில் இருக்கும் அதே அளவு பாறையையும் இரும்பையும் வைத்து. கணக்குப் போட்டால் ஒரு பக்கம் சுமார் 10,270 கி.மீ. வரும். மையத்திலிருந்து ஒரு முகத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய 5,100 கி.மீ. தூரத்தில் இருக்கும், ஆனால் மூலை 8,900 கி.மீ. தூரத்தில் இருக்கும். அதாவது முகத்தின் நடுவில் நிற்கிறவருக்கு, தரை பார்க்கத் தட்டையாக இருந்தாலும், நாலு மூலைகளும் மேலே இருக்கின்றன. அவர் ஒரு மூலையை நோக்கி நடந்தால் போகப்போக மலையேறுவது போலவே இருக்கும், மூலையைத் தொடும்போது கிட்டத்தட்ட 3,700 கி.மீ. உயரம் ஏறியிருப்பார். கடல் நீர் முழுக்க ஆறு முகங்களின் நடுவிலும் வந்து தேங்கும். காற்றும் அங்கேதான் வந்து நிற்கும், மூலைகளில் மூச்சுவிடக் காற்று இருக்காது.

நம் கண்ணுக்குக் கனசதுரமாகத் தெரிவது, ஈர்ப்பு விசையின் கணக்கில் எட்டு பிரம்மாண்டமான மலைகள். அந்த மலைகள் நிற்குமா? ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் பாறையை அடுக்கினாலே அதன் அடியில் சுமார் 260 வளிமண்டல அழுத்தம், அதாவது தரையில் காற்று நம்மை அழுத்துவதைப் போல 260 மடங்கு, விழும். நல்ல கருங்கல்லே 1,000 முதல் 2,500 வளிமண்டல அழுத்தத்தில் நொறுங்கிவிடும். 3,700 கி.மீ. உயரத்து மலைக்கு அடியில் இருக்கும் பாறை என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அது நசுங்கி, பக்கவாட்டில் பிதுங்கி, பள்ளமான இடத்துக்கு, அதாவது முகங்களின் நடுப்பகுதிக்கு நகரும். மூலை இறங்கும், நடுப்பகுதி ஏறும். எதுவும் இதற்கு மேல் கீழே இறங்க இடமில்லை என்ற நிலை வரும்வரை இது நடக்கும். மேற்பரப்பின் எல்லா இடமும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் அந்த நிலை வரும். அப்படிப்பட்ட வடிவம் ஒன்றே ஒன்றுதான், கோளம்.

சரி, இதே ஈர்ப்பு விசை போபோஸுக்கும் உண்டே, அது ஏன் உருண்டையாகவில்லை? இங்கேதான் அளவு வந்து நிற்கிறது, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கணக்கும் இதுதான். 20 கி.மீ. விட்டமுள்ள ஒரு பாறை விண்வெளியில் தனியாக மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சொந்த ஈர்ப்பினால் அதன் நட்ட நடுவில் விழும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சுமார் 1.2 வளிமண்டல அழுத்தம். இப்போது உங்கள் மேல் காற்று எவ்வளவு அழுத்துகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து கிலோமீட்டர் பாறையைச் சுமந்துகொண்டு அதன் மையம் இவ்வளவு சொகுசாக இருக்கிறது! இந்த அழுத்தத்தில் பாறை நசுங்குவதாவது. பிறந்தபோது என்ன வடிவமோ, மோதியபோது எப்படி உடைந்ததோ, அப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும்.

ஆனால் விட்டம் இரண்டு மடங்கானால் மைய அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்கு. மேலே இருக்கும் பாறையின் ஆழமும் கூடுகிறது, அதை இழுக்கும் ஈர்ப்பும் கூடுகிறது, இரண்டும் ஒன்றோடொன்று பெருகுகிறது. 200 கி.மீ. பாறையின் மையத்தில் 120-க்கு மேல் வந்துவிடும். 600 கி.மீ. ஆகும்போது 1,100 வளிமண்டல அழுத்தம். கருங்கல் நொறுங்கும் எல்லைக்கு வந்துவிட்டோம் பாருங்கள். நம் நிலாவின் மையத்தில் 40,000-க்கும் மேல், பூமியின் மையத்தில் சுமார் 36 லட்சம். அங்கே பாறையின் உறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, ஒரு பக்கம் உள்ளே இழுக்கும் ஈர்ப்பு விசை, இன்னொரு பக்கம் வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருளின் உறுதி. பாறையின் உறுதி அது சின்னதோ பெரியதோ ஒன்றேதான், ஈர்ப்பு அழுத்தமோ அளவு கூடக்கூட ஏறிக்கொண்டே போகிறது. ஏதோ ஒரு அளவில் ஈர்ப்பு ஜெயித்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பாறை கெட்டியான பொருள் ஆயிற்றே, அது எப்படித் தண்ணீர் மாதிரி ஓடி உருண்டையாகும்? இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, கோள்கள் பிறந்தபோது கெட்டியாக இல்லை. மோதி மோதிச் சேர்ந்த வெப்பமும், கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்த வெப்பமும் சேர்ந்து ஆரம்பத்தில் பூமியைப் பெரும்பகுதி உருக்கிவிட்டன. கனமான இரும்பு மையத்துக்கு இறங்கியது அப்போதுதான். உருகிய பொருள் உருண்டையாவதற்கு எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது, கெட்டியான பாறையும் ஓடும், நாம் காத்திருக்கத் தயாராக இருந்தால். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் இருக்கும் பொத்னியா வளைகுடாவில் இதை அளந்தே காட்டுகிறார்கள். கடந்த பனியுகத்தில் அந்தப் பகுதியின் மேல் சுமார் 3 கி.மீ. தடிமனுக்குப் பனி கிடந்தது. அந்தப் பாரத்தில் தரை அமுங்கிப்போனது, அடியில் இருந்த பாறை பக்கவாட்டில் விலகிப்போனது. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி உருகிவிட்டது. விலகிய பாறை இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, அதனால் அங்கே தரை இன்றைக்கும் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டே இருக்கிறது. கடலாக இருந்த இடத்தில் புதுப்புதுத் திட்டுகள் தலைகாட்டுகின்றன, பழைய துறைமுகங்கள் மேடாகிப் பயன்படாமல் போகின்றன. பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் சூடான பாறை உருகிய குழம்பு அல்ல, கெட்டியானதுதான். கெட்டியாகவே மெல்ல மெல்ல நகர்கிறது. பத்தாயிரம் ஆண்டில் இவ்வளவு என்றால், 450 கோடி ஆண்டில் ஒரு கோளை உருட்டுவதற்கு நேரம் தாராளம்.

அப்படியானால் மலைகள் எப்படி நிற்கின்றன? ஈர்ப்பு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் நிற்கின்றன. எவரெஸ்ட்டின் 8,849 மீட்டர் உயரம் பாறைக்கு அடியில் சுமார் 2,300 வளிமண்டல அழுத்தத்தைக் கொடுக்கும், அதாவது கல்லின் எல்லையை ஒட்டி. பூமியில் இதைவிட ரொம்ப உயரமான மலை நிலைக்காது. செவ்வாயில் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான், அங்கே ஒலிம்பஸ் மான்ஸ் என்ற எரிமலை சுமார் 22 கி.மீ. உயரம் நிற்கிறது. (அங்கே நிலத்தட்டுகள் நகராததால் ஒரே இடத்தில் எரிமலைக்குழம்பு கொட்டிக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம்.) ஈர்ப்பு குறைந்தால் மலை உயரலாம், ஈர்ப்பு கூடினால் குனிய வேண்டியதுதான். சுமார் 20 கி.மீ. விட்டமே உள்ள நியூட்ரான் விண்மீன்களில் ஈர்ப்பு பூமியைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு அதிகம், அங்கே "மலை" சில சென்டிமீட்டரைத் தாண்டாது என்கின்றன கணக்குகள்.

பள்ளியில் வைத்திருக்கும் சில பூகோள உருண்டைகளில் இமயமலை விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்திருக்கும். அது பார்ப்பதற்காகப் பெரிதுபடுத்தியது. 30 செ.மீ. உருண்டையில் எவரெஸ்ட்டின் உண்மையான உயரம் 0.2 மில்லிமீட்டர்தான் வரும்.

அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதற்கு வருவோம். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ருசிகரம். சனியின் நிலாக்களில் ஒன்றான மிமாஸ் 396 கி.மீ. விட்டம், நல்ல உருண்டை. சிறுகோள் வெஸ்டா சராசரி 525 கி.மீ., மிமாஸைவிடப் பெரியது, ஆனால் உருண்டை இல்லை: அகலவாட்டில் 570 கி.மீ.க்கு மேல், உயரவாட்டில் 446 கி.மீ. பெரியது கோணலாக, சின்னது உருண்டையாக! காரணம், மிமாஸ் பெரும்பாலும் பனிக்கட்டி, வெஸ்டா பாறை. பனி சீக்கிரம் வளைந்துகொடுக்கும், பாறை கொடுக்காது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் இதைக் கணக்கிட்டு, பனிப் பொருள்களுக்கு ஏறக்குறைய 200 கி.மீ. ஆரம், பாறைகளுக்கு 300 கி.மீ. ஆரம் என்று கோட்டைப் போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே "உருளைக்கிழங்கு ஆரம்".

ஆனால் இது கத்தியால் வெட்டியது போன்ற கோடு கிடையாது. நெப்டியூனின் புரோட்டியஸ் என்ற நிலா சுமார் 420 கி.மீ., மிமாஸைவிடக் கொஞ்சம் பெரியது, இருந்தும் கோணலாகத்தான் நிற்கிறது. எவ்வளவு பெரியது என்பதோடு, எதனால் ஆனது, உள்ளே எவ்வளவு சூடாக இருந்தது, யார் வந்து மோதினார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. வெஸ்டாவின் கதையே அதற்குச் சாட்சி. அது ஒரு காலத்தில் உள்ளே உருகி, இரும்பு மையமும் பாறை ஓடுமாகப் பிரிந்த பொருள்தான், அப்போது ஏறக்குறைய உருண்டையாகவே இருந்திருக்கும். ஆறி இறுகிய பிறகு தென்துருவத்தில் ஒரு பெரும் மோதல் நடந்து சுமார் 500 கி.மீ. அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தின் நடுவில் 20 கி.மீ.க்கு மேல் உயரமான ஒரு மேடு நிற்பதை 2011-ல் அங்கே போன டான் விண்கலம் படம் எடுத்தது. இறுகிப்போன வெஸ்டாவின் சின்ன ஈர்ப்புக்கு அந்தப் பள்ளத்தைத் தூர்த்து மறுபடி உருண்டையாகும் தெம்பு இல்லை. அதே டான் விண்கலம் 2015-ல் சீரஸுக்குப் போனது, 940 கி.மீ. விட்டம், தெளிவான உருண்டை. 2006-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு இலக்கணம் எழுதியபோது, தன் ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தது. சீரஸ் குறுங்கோள் (உருண்டைதான், ஆனால் முழுக் கோள் அல்ல) ஆனதும், வெஸ்டா சிறுகோளாகவே நின்றதும் அதனால்தான்.

விண்மீன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை முழுக்க வாயு, எதிர்த்து நிற்கும் உறுதி என்ற ஒன்றே அவற்றுக்குக் கிடையாது. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, சூடான வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது, இரண்டும் எல்லாத் திசையிலும் சமமாகும் இடத்தில் மேற்பரப்பு நிற்கிறது. அதனால் கோளம். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கி.மீ., அதில் துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 கி.மீ. அளவுதான். கோள்களோடு ஒப்பிட்டாலும் சூரியன்தான் அசாத்தியமான உருண்டை.

அப்புறம் ஒன்று, விண்வெளி நிலையத்தில் தண்ணீரைப் பிழிந்துவிட்டால் அது உருண்டையாக மிதக்கும் வீடியோவைப் பலரும் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அங்கே உருட்டுவது நீரின் பரப்பு இழுவிசை, ஈர்ப்பு விசை அல்ல. விளைவு ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி சுழற்சி. சுழலும் பொருளின் நடுக்கோட்டுப் பகுதிதான் வேகமாக ஓடுகிறது, அதனால் அங்கே வெளியே விலகப் பார்க்கும் போக்கும் அதிகம். எனவே இடுப்பு பெருத்து, துருவங்கள் தட்டையாகும். சுற்றுவதால்தான் உருண்டை என்பவர்களுக்கு வெள்ளிக் கோளைக் காட்டினால் போதும். அது ஒருமுறை சுழல 243 நாட்கள் எடுத்துக்கொள்கிறது, கிட்டத்தட்ட நிற்பது போலத்தான், கோள்களிலேயே மிகச் சரியான உருண்டைகளில் அதுவும் ஒன்று. பூமி ஒரு நாளில் சுழல்வதால் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கி.மீ. அதிகம். இதனால் ஒரு வேடிக்கை: கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான் உயரம், ஆனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஈக்வடார் நாட்டின் சிம்பொராசோ சிகரம் எவரெஸ்ட்டைவிடச் சுமார் 2 கி.மீ. தள்ளி நிற்கிறது.

இதைக் கண்டுபிடித்த விதமும் அழகானது. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தி ஓடியது. நடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. நியூட்டன் 1687-ல் இதை எடுத்துக்கொண்டு, சுழலும் பூமி துருவங்களில் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்கிலேயே காட்டினார். அப்புறம் அளந்து பார்க்கும் வேலை தொடங்கியது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு என்பதால் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் துருவத்தருகே 111.7 கி.மீ., நடுக்கோட்டருகே 110.6 கி.மீ. இந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 1730-களில் வட ஐரோப்பாவின் லாப்லாந்துக்கும், நடுக்கோட்டை ஒட்டிய தென் அமெரிக்கப் பகுதிக்கும் போனார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுச் சுமார் 12 கி.மீ. அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோடு) அளந்ததற்கும் வரைபடம் மட்டும் நோக்கமில்லை, இந்த அட்சரேகையில் பூமி எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துகொள்வதும் நோக்கம். பூமியின் வடிவத்தை அறியும் வேலையில் நம்மூர் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது என்பதைப் பள்ளிப் பாடத்தில் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

வேகம் கூடினால் சேதாரமும் கூடும். சனி ஒருமுறை சுழல பத்தே முக்கால் மணி நேரம்கூட ஆவதில்லை, இடுப்பைவிட உயரம் பத்து சதவீதம் குறைவு. திருவோணம் என்று நாம் சொல்லும் ஆல்டேர் விண்மீன் சூரியனைவிடப் பெரியது, ஆனால் சுமார் ஒன்பது மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுழல்கிறது, அதன் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 20 சதவீதத்துக்கும் மேல் அதிகம். நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் குறுங்கோள் ஹௌமியா நாலு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிறது, அதன் நீளம் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கும் ஈர்ப்பில் குறையில்லை, சுழற்சிதான் அந்தக் கோலத்தில் நிறுத்தியிருக்கிறது. சனியின் ஐயாபெட்டஸ் இன்னொரு வகை. இப்போது அது 79 நாளுக்கு ஒருமுறைதான் சுழல்கிறது, ஆனால் வடிவத்தை அளந்தால் 16 மணி நேரத்தில் சுழலும் பொருளைப் போல இடுப்பு பெருத்திருக்கிறது. எப்போதோ வேகமாகச் சுழன்ற காலத்தில் எடுத்த வடிவம், ஆறி இறுகிவிட்டதால் அப்படியே நின்றுவிட்டது.

இதில் ஒன்றை நீங்களே சரிபார்க்கலாம். ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த வியாழனின் முழுப் படம் ஒன்றைக் கணினித் திரையில் திறந்து, அதன் பட்டைகள் கிடைமட்டமாக இருக்கும்படி திருப்பிக்கொண்டு, அகலம் 10 செ.மீ. வரும்வரை பெரிதாக்குங்கள். பிறகு ஸ்கேலை நட்டுவாக்கில் வைத்து மேலிருந்து கீழாக அளந்தால் 9.3 அல்லது 9.4 செ.மீ. வரும். குறையும் அந்த அரை சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமான அளவு, பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல்வதால் வந்தது.